ஃபோல்டரைப் படிக்க ஸ்கேன்டிர் ஒன்று போதாதா?

ஜூன் 2, மாலை (கேள்வி)

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் சொந்தக்காரருக்கு இணையதளம் செய்து கொடுக்கிறேன். டிசைன் படங்களை அவர்களே ஃபோல்டரில் போடுவார்கள், பக்கம் தானாகக் காட்ட வேண்டும். டேட்டாபேஸ் வேண்டாம். இணையப் பக்கங்களுக்கான நிரல் மொழி பிஎச்பியில், ஃபோல்டரில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் ஸ்கேன்டிர் ஒரே வரியில் வேலையை முடித்துவிடுகிறது. அப்புறம் அதே வேலைக்கு ரீட்டிர், குளோப், டைரக்டரி இட்டரேட்டர் என்று எதற்கு இத்தனை? ஒன்று போதாதா?

ஜூன் 2, இரவு

பட்டறை அளவுக்குப் போதும். ஆனால் "ஒரே வரி" என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்கேன்டிர் பிஎச்பி 5-இல் வந்தது. அதற்கு முன்னால் ஓப்பன்டிரால் திறந்து, ரீட்டிரால் ஒவ்வொன்றாக எடுத்து, குளோஸ்டிரால் மூடுவோம். இந்த மூன்றையும் ஒன்றாக்கி, வரிசையும் படுத்தி, அரேயாக, அதாவது எண்ணிட்ட பட்டியலாக, கையில் கொடுக்கிறது ஸ்கேன்டிர். கூடவே புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பெயர்கள் வரும். முதலாவது இதே ஃபோல்டர், அடுத்தது இதற்கு மேல் ஃபோல்டர்.

அந்த இரண்டையும் கழிக்க அரே_ஸ்லைஸ் போட்டு முதல் இரண்டை வெட்டு என்று பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெட்டாதீர்கள். புள்ளிதான் முதலில் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அடைப்புக்குறி, கழித்தல் குறி, ஆச்சரியக்குறி, ஏன் வெறும் ஸ்பேஸ்கூட, கணினி குறிகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி வரிசையில் புள்ளிக்கு முன்னால் நிற்கிறது. பட்டறையில் யாராவது "(1) முகப்பு" என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்தால் அது தலையில் வந்து உட்காரும். வெட்டும்போது அந்தப் படமும் ஒற்றைப் புள்ளியும் போய்விடும், இரட்டைப் புள்ளி உள்ளேயே இருக்கும். பக்கத்தில் ஒரு படம் காணோம், ஒரு படம் உடைந்திருக்கும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

ஜூன் 3, காலை

அப்படியானால், சொன்ன பெயர்களை மட்டும் நீக்கும் அரே_டிஃப் போட்டுக் கழிக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். கழிக்கலாம், அதுதான் சரி. ஆனால் அது மீதிப் பெயர்களின் சாவி எண்களை, அதாவது பட்டியலில் அவற்றின் இட எண்களை, மாற்றாது. 0-உம் 1-உம் போய், 2-இல் தொடங்கும் அரே கிடைக்கும். ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபோர்ஈச் சுழற்சி போட்டால் தெரியாது. தரவை அனுப்பும் வடிவமான ஜேசானாக மாற்றி, உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அனுப்பினால்தான் விஷயம் வெளியே வரும்: சதுர அடைப்பில் போக வேண்டியது வளைந்த அடைப்பில், ஆப்ஜெக்டாகப் போகும், அந்தப் பக்கம் லென்த் (எத்தனை என்று) கேட்டால் ஒன்றும் இருக்காது. கழித்த கையோடு, எண்களை 0-இலிருந்து மறுபடி இடும் அரே_வேல்யூஸ் போட்டுவிடுங்கள்.

ஆக, உங்கள் ஒரு வரி இப்போதே மூன்றாகிவிட்டது.

ஜூன் 5

இழையில் ஒருவர், பழைய ரீட்டிர் முறைதான் எந்தக் காலத்திலும் நம்பகமானது என்கிறார். நம்பகமானதுதான், சரியாக எழுதினால்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடைக்காரர் கூப்பிட்டார். எனாமல் தூக்கு, தேக்குத் தூண், பீங்கான் ஜாடி என்று சாமான் வகைக்கு ஒரு ஃபோல்டர். யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த பக்கம். "கம்ப்யூட்டர்ல எல்லாம் வருது தம்பி, நெட்ல போட்டா பாதிச் சாமான் காணோம்" என்றார். புதிதாகச் சேர்த்த ஃபோல்டர்களில் சில தெரிகின்றன, சில தெரியவில்லை. கடைப் பையன்தான் எதையோ அழிக்கிறான் என்று சந்தேகம் வேறு.

பையன் பாவம். அவர் விற்காத சாமான்களை, அதாவது விலை சொல்ல மனமில்லாத வீட்டுப் பொருட்களை, 0 என்ற ஃபோல்டரில் வைத்திருந்தார். பழைய நிரலில் ரீட்டிர் தந்ததை நேராக வைல் சுழற்சியின் நிபந்தனைக்குள் வைத்திருந்தார்கள். பட்டியல் தீர்ந்தால் ரீட்டிர் ஃபால்ஸ் (பொய்) தரும். ஆனால் பிஎச்பிக்கு "0" என்ற எழுத்துச்சரமும் ஃபால்ஸ் மாதிரிதான். அந்தப் பெயர் வந்த இடத்தில் சுழற்சி நின்றுவிடும்.

எதற்காக ஓரிடத்தில் வருகிறது, இன்னோரிடத்தில் வரவில்லை? ரீட்டிர் எதையும் வரிசைப்படுத்துவதில்லை. கோப்பு முறைமை எந்த வரிசையில் வைத்திருக்கிறதோ அப்படியே தரும். லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4, பெயரிலிருந்து போடும் ஹேஷ் என்ற எண் கணக்குப்படி பெயர்களை அடுக்குகிறது, நமக்கு அது குலுக்கிப் போட்டது போலத் தெரியும். அவர் கணினியில் 0 கடைசியில் வந்ததால் அதைத் தவிர எல்லாம் தெரிந்தது. சர்வரில் நடுவில் வந்தது.

மருந்து சின்னது: !== போட்டு ஃபால்ஸோடு வகையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். "00", "0.ஜேபிஜி" எல்லாம் பிரச்சினை இல்லை, தனி 0 மட்டும்தான். பிஎச்பி கையேட்டிலேயே ரீட்டிர் பக்கத்தில் இந்த எச்சரிக்கை இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

ஜூன் 6

சின்னக் குறிப்பு. ரீட்டிரும் ஸ்கேன்டிரும் வெறும் பெயரைத்தான் தரும், முழுப் பாதையை அல்ல. அதை அப்படியே, கோப்புதானா என்று பார்க்கும் இஸ்_ஃபைலிடம் கொடுத்தால், நிரல் ஓடும் ஃபோல்டரில் போய்த் தேடிவிட்டு "இல்லை" என்று சொல்லும். முன்னால் ஃபோல்டர் பாதையை ஒட்டுங்கள். "எல்லாக் கோப்பும் கோப்பே இல்லை என்கிறது" என்று கேட்ட இருவருக்கும் இதே பதில்.

ஜூன் 9, இரவு

குளோப், அதாவது சொன்ன மாதிரிக்குப் பொருந்தும் பெயர்களை மட்டும் தேடித் தருவது. எனக்குப் பிடித்தது இதுதான், சில கண்டிஷன்களோடு. நட்சத்திரம் போட்டால் புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தானாக விட்டுவிடும், ஆகவே அந்த இரண்டு புள்ளிகளும், மேக் போட்டுவிட்டுப் போகும் டிஎஸ்_ஸ்டோர் குப்பையும் வராது. விண்டோஸின் தம்ஸ்.டிபி புள்ளியில் தொடங்காததால் வரும். பாதையோடு சேர்த்துத் தரும், எனவே ஆறாம் தேதிக் குறிப்புக்கு வேலை இல்லை.

கண்டிஷன்களைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும். போன் கேமராவோ பழைய டிஜிட்டல் கேமராவோ பெயரின் கடைசியில் வரும் ஜேபிஜி போன்ற நீட்சியைப் பெரிய எழுத்தில் வைத்தால், சின்ன எழுத்தில் தேடும் உங்களுக்கு அந்தப் படம் கிடைக்காது. விண்டோஸில் சோதித்துவிட்டு ஏற்றுகிறவர்கள் எல்லாரும் இதில் ஒருமுறை மாட்டுவார்கள். பல நீட்சிகளைச் சேர்த்துத் தேட குளோப்_பிரேஸ் இருக்கிறது. அது எல்லா இடத்திலும் கிடையாது, குறிப்பாக, நிரல்களைப் பெட்டியாகக் கட்டி ஓட்டும் டாக்கரில் பலரும் எடுக்கும் ஆல்பைன் லினக்ஸில் வராது. அடுத்து, ஃபோல்டர் பெயரிலேயே சதுர அடைப்பு இருந்தால், "[பழையது]" என்கிற மாதிரி, குளோப் அதைத் தேடல் குறியாக எடுத்துக்கொண்டு வெறும் அரேயைத் திருப்பித் தரும். பிழைச் செய்திகூட வராது.

இத்தனையும் சொன்ன பிறகும் பட்டறைக்கு குளோப்தான் என் ஓட்டு. ஃபோல்டர் பெயர் உங்கள் கையில்தானே இருக்கிறது.

ஜூன் 15

இப்போது உண்மையான வேலைக்கு வருவோம். இதற்கு முன்னால் எழுதியதெல்லாம் எந்த ஊர்க்காரருக்கும் பொது. தமிழ்ப் பெயர் வைத்தவுடன் வருவது வேறு.

ஊர் வாரியாகச் செட்டிநாட்டு வீடுகளின் படங்கள் வைத்திருக்கும் ஒருவருக்காக ஃபோல்டர்களைப் பட்டியலிட்டேன். ஸ்கேன்டிர் வரிசைப்படுத்தித் தருகிறதே என்று விட்டால், கானாடுகாத்தான் முதலில், காரைக்குடி அதற்கு அடுத்து. கோனாபட்டு முதலில், கோவிலூர் அடுத்து. அவர் வீட்டு ஆச்சி திரையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, ரகரத்துக்கு முன்னாடி னகரம் வருது?" என்றார். கம்ப்யூட்டர் தெரியாது, அகராதி பார்க்கத் தெரியும்.

காரணம், ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணை. அதில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. ன என்பது ந-வை ஒட்டி, ப-வுக்கு முன்னால். ற என்பது ர-வை ஒட்டி. ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால், அதிலும் ள முதலில். ஜ நேரே ச-வுக்குப் பின்னால் நுழைந்திருக்கிறது. இந்திய மொழிகளுக்கு ஒரே மாதிரிக் கட்டம் போட்ட இஸ்கி என்ற பழைய குறியீட்டின் வழியில் வந்த ஏற்பாடு. சர்வரில் லோக்கேல் (மொழி அமைப்பு) எதுவும் அமைக்காவிட்டால் ஸ்கேன்டிர் பைட்டைப் பார்த்துத்தான் அடுக்கும், அதற்கு நெடுங்கணக்கு தெரியாது.

புள்ளியிலும் இதே கதை. நம் அகராதியில் மெய் முன்னால், உயிர்மெய் பின்னால், ஆகவே பட்டாலை முதலில், படிக்கட்டு பிறகு. பைட் கணக்கில் இகரக் குறி புள்ளியை விடச் சின்ன எண், அதனால் படிக்கட்டு முந்திக்கொள்ளும்.

தீர்வு, பிஎச்பியோடு கூடுதலாகச் சேர்க்கும் இன்ட்ல் நீட்சியில் உள்ள, மொழிக்கேற்ப அடுக்கும் கொலேட்டர். அதற்குத் தமிழ் லோக்கேலைக் கொடுத்து, ஸ்கேன்டிர் தந்த அரேயை அதன் சார்ட்டில் போடுங்கள். காரைக்குடி, கானாடுகாத்தான் என்று சரியாக வரும். எப்படியும் மறுபடி அடுக்கப்போகிறோம் என்பதால் ஸ்கேன்டிரின் இரண்டாவது இடத்தில் "அடுக்காதே" என்ற மாறிலியைக் கொடுத்துவிடலாம், பிஎச்பி 5.4 முதல் இருக்கிறது.

ஜூன் 16, காலை

"அதற்குத்தான் ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்காதே என்பது" என்று மேலே ஒரு பதில். இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறவர், ராத்திரி உட்கார்ந்து "தாமரைப் பூ சிவப்பு" என்று தமிழில் பெயர் அடித்து ஏற்றுகிறார். அவர் செய்தது சரி. அதைப் படிக்கத் தெரியாத நிரல்தான் மாற வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் ஒரே பூவுக்கு நாலு விதமாக எழுதுவார்கள், அப்போது எந்தக் கொலேட்டரும் உதவாது.

ஜூன் 16, இரவு

ஆனால் தமிழிலும் ஒரே பெயரை இரண்டு விதமாக எழுத முடியும், கண்ணுக்குத் தெரியாமல். காலையில் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டதால் இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கோட்டையூர் என்ற ஃபோல்டரை எடுங்கள். "கோ"வில் உள்ள ஓகாரக் குறிக்கு யூனிகோடில் தனி எண் உண்டு. அதையே ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் இருக்காது. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். அங்கிருந்து ஜிப் போட்டு லினக்ஸ் சர்வரில் பிரித்தால், பிரிந்த வடிவமே வந்து உட்காரும். உங்கள் மெனுவில் நீங்கள் அடித்த கோட்டையூர் சேர்ந்த வடிவம். இரண்டும் வேறு வேறு பைட்டுகள், லினக்ஸுக்கு வேறு வேறு பெயர்கள். "ஃபோல்டர் கண் முன்னாடி இருக்கு, இல்லைன்னு சொல்லுது" என்ற புலம்பலில் கணிசமானது இதுதான். ஒரே ஃபோல்டருக்குள் இரண்டு கோட்டையூர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கும் இன்ட்லில் மருந்து உண்டு: நார்மலைசர். படிக்கும்போது பெயரைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள், ஆனால் திறக்கும்போது வட்டில் இருக்கும் அசல் பெயரால் திறங்கள். இன்னும் நல்லது, ஏற்றும் இடத்திலேயே மாற்றிச் சேமித்துவிடுவது.

நார்மலைசர் தொடாதவையும் உண்டு. "பௌர்ணமி" என்பதற்குக் கொம்பும் ளகரமும் போட்டு "பெளர்ணமி" என்று அடித்திருப்பார்கள். அது எழுத்துப்பிழை, வடிவ வேறுபாடு அல்ல. கோவில் அழைப்பிதழ்களில் வரும் ஸ்ரீ இன்னொன்று: ஸகரத்திலும் அமையும், ஶகரத்திலும் அமையும், பல எழுத்துருக்களில் பார்க்க ஒன்றேதான். இவற்றுக்கு நீங்களே ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 21

பெயர் நீளம் பற்றிக் கேட்டவருக்கு. எக்ஸ்ட்4-இல் ஒரு பெயர் 255 பைட் வரை. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழுக்கு, யூனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 85 குறிகள்தான். "ஆத்தங்குடி" நம் கணக்கில் 6 எழுத்து, யூனிகோடு கணக்கில் 10 குறி, வட்டில் 30 பைட். நீளம் சொல்லும் சார்புகளில் ஸ்டர்லென் 30 என்னும், எம்பி_ஸ்டர்லென் 10 என்னும், கிராஃபீம்_ஸ்டர்லென்தான் 6 என்னும். கல்யாணப் பத்திரிகை வாசகம் முழுவதையும் ஃபைல் பெயராக வைக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த 85 போதாது.

கூடவே: பாதையிலிருந்து பெயரைப் பிரிக்கும் பேஸ்நேமும் பாத்இன்ஃபோவும் லோக்கேலைப் பார்த்து நடப்பவை. தமிழ்ப் பெயரின் தலை வெட்டுப்பட்டு வந்தால், லோக்கேலை அமைக்கும் செட்லோக்கேலைப் பாருங்கள். பட முகவரியில் பெயரை வைக்கும்போது, அதை முகவரிக்கு ஏற்றபடி மாற்றும் ராயூஆர்எல்என்கோட் போடுங்கள். "ரா" இல்லாததைப் போட்டால் ஸ்பேஸ் எல்லாம் கூட்டல் குறியாகிவிடும், "தாமரைப் பூ சிவப்பு" திறக்காது.

ஜூன் 28

பட்டறையை விட்டுவிட்டு வேறு பக்கம் போகிறேன். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த குடும்பம் ஒன்று, பழைய பேரேடுகளை ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறது. பக்கத்துக்கு ஒரு படம், எல்லாம் ஒரே ஃபோல்டரில். "பக்கம் 1", "பக்கம் 10", "பக்கம் 100", அப்புறம்தான் "பக்கம் 2". கணக்குப் பிள்ளை பார்த்தால் பேனாவை வைத்துவிட்டுப் போயிருப்பார்.

எண்ணை எண்ணாகவே பார்த்து அடுக்கும் நாட்சார்ட் இதைச் சரி செய்யும், ஆனால் சாவி எண்களைப் பழையபடியே வைத்திருக்கும். ஜூன் 3 குறிப்பில் சொன்ன அதே தொந்தரவு, அதே அரே_வேல்யூஸ். கொலேட்டர் ஏற்கெனவே வைத்திருந்தால் அதில் எண் வரிசை என்ற பண்பை ஆன் செய்தால் போதும், தமிழ் வரிசையும் எண் வரிசையும் ஒரே அடியில் முடிந்துவிடும்.

இந்த மாதிரி ஃபோல்டரில் ஸ்கேன்டிர் பற்றி எனக்கு இரண்டாவது யோசனை வருகிறது. அது எல்லாப் பெயரையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டுத்தான் முதல் பெயரையே கொடுக்கும். ஆயிரங்களில் ஒன்றும் ஆகாது. லட்சங்களுக்குப் போனால், மலிவு ஹோஸ்டிங்கில் மூச்சு வாங்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிவிடும் வேலைக்கு ரீட்டிரோ ஃபைல்சிஸ்டம் இட்டரேட்டரோ நல்லது. பின்னது பிஎச்பி 5.3-இல் வந்தது, புள்ளிகளைத் தானே தாண்டிவிடும், அளவு, தேதி எல்லாம் அந்தப் பொருளிடமே கேட்டுக்கொள்ளலாம். அதன் அண்ணன் டைரக்டரி இட்டரேட்டரை எடுத்தால் ஒரு ஜாக்கிரதை: அது ஒவ்வொரு சுற்றிலும் தன்னையேதான் தருகிறது. அப்படியே அரேயில் சேர்த்தால் கடைசியில் எல்லாம் ஒரே பொருளாக நிற்கும். குளோன் (நகல்) செய்து சேர்க்க வேண்டும், அல்லது பெயரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுக்கிக் காட்ட வேண்டும் என்றால் எப்படியும் எல்லாவற்றையும் கையில் வைத்தாக வேண்டும், அப்போது இட்டரேட்டரால் மிச்சம் ஒன்றும் இல்லை. இதை மறந்துவிட்டு "ஸ்கேன்டிர் மோசம்" என்று பொதுவாகச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஜூலை 4

கேள்வி கேட்டவர் நிரலை அனுப்பியிருந்தார். ஃபோல்டர் பெயரை முகவரியிலிருந்து நேரே எடுத்து ஸ்கேன்டிரிடம் கொடுக்கிறீர்கள். இது மட்டும் கூடாது. யாராவது அந்த இடத்தில் இரட்டைப் புள்ளிகளும் சாய்கோடும் அடித்தால் மேலே ஏறி சர்வரின் வேறு ஃபோல்டர்களை எட்டிப் பார்ப்பார்கள். ரியல்பாத் போட்டு முழுப் பாதையை எடுத்து, அது உங்கள் படங்கள் ஃபோல்டரில்தான் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஒப்பிடும்போது கடைசிச் சாய்கோட்டையும் சேர்த்து ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் "படங்கள்" என்று தொடங்கும் "படங்கள்-பழையது" ஃபோல்டரும் உள்ளே வந்துவிடும்.

அதைவிட எளிது: நீங்களே முதலில் பட்டியலை எடுங்கள், வந்த பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் மட்டும் திறங்கள். பட்டறையில் டிசைன் வகை எத்தனை இருக்கப்போகிறது? திரையில் காட்டும் முன், பெயரில் உள்ள குறிகள் நிரலாக ஓடாதபடி மாற்றும் எச்டிஎம்எல் ஸ்பெஷல்சார்ஸ் போடவும் மறக்காதீர்கள், பெயரை வைப்பது நீங்கள் அல்ல. சர்வர் மென்பொருள் அப்பாச்சியாக இருந்தால், அதுவாகவே ஃபோல்டர் பட்டியலை (இன்டெக்ஸ்) காட்டுவதையும் அணைத்துவிடுங்கள்.

ஜூலை 6

"ஒவ்வொரு தடவை பக்கம் திறக்கும்போதும் ஃபோல்டரைப் படிக்க வேண்டுமா?" வேண்டாம். பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைத்து, ஃபோல்டரின் ஃபைல்எம்டைம் (கடைசியாக மாறிய நேரம்) மாறினால் மட்டும் மறுபடி படியுங்கள். ஃபோல்டருக்குள் ஒன்று சேர்ந்தால், போனால், பெயர் மாறினால் அதன் நேரம் மாறும். இருக்கும் படத்துக்குள்ளேயே திருத்தி எழுதினால் மாறாது. உள் ஃபோல்டரில் நடப்பதும் மேல் ஃபோல்டருக்குத் தெரியாது. பெயர்ப் பட்டியலுக்கு இது போதும், அளவோ தேதியோ காட்டுவதாக இருந்தால் போதாது.

ஜூலை 6, இன்னொன்று

சர்வருக்குக் கோப்பு அனுப்பும் எஃப்டிபியில் ஏறிக்கொண்டிருக்கும் பாதிப் படம் பக்கத்தில் தெரிகிறது என்றீர்களே. ஏற்றும்போது புள்ளியில் தொடங்கும் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்ததும் பெயரை மாற்றச் சொல்லுங்கள். பல எஃப்டிபி மென்பொருட்களில் இதற்கு அமைப்பு உண்டு. ஒரே வட்டுக்குள் பெயர் மாற்றுவது ஒரே நொடியில் முழுசாக நடக்கும், பாதி மாறிய நிலை என்று ஒன்று கிடையாது. குளோப் புள்ளிப் பெயரைப் பார்க்காது என்பதால் படம் முழுசாக வந்த பிறகுதான் தெரியும்.

ஜூலை 9

உங்கள் ஹோஸ்டிங்கில் இன்ட்ல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கன்ட்ரோல் பேனலில் பிஎச்பி நீட்சிகள் பக்கத்தைப் பாருங்கள், பல இடங்களில் டிக் போட்டால் வந்துவிடும். உண்மையிலேயே இல்லாவிட்டால், நெடுங்கணக்கு வரிசையை ஒரு அரேயாக எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுத்து, நாம் சொல்லும் விதத்தில் அடுக்கும் யூசார்ட்டில் ஒப்பிடும் சின்னச் சார்பு எழுதலாம். மெய்யும் உயிர்மெய்யும் சேர்த்துப் பிரிக்கும் இடம்தான் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும்: குறி, புள்ளி ஆகியவற்றை முந்தைய எழுத்தோடு சேர்த்து ஒன்றாக வெட்டி எடுத்துவிட்டு எண் கொடுங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும், கூட யு கொடியும் போட்டால் அந்த வெட்டு கிடைத்துவிடும், அதற்கு இன்ட்ல் தேவையில்லை.